தீக்குச்சித் தலை வேர்கள்

அத்தியாயம் 6

உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது 'லத்திபா துப்பறியும் நிலையம்'. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் யூரியா இருக்கிறதா என்று கேட்பார்கள். மீதிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்வார்கள். பையன் குடிப்பானா, துபாயில் நிஜமாகவே சூப்பர்வைசரா, முதல் சம்சாரம் என்று யாராவது உண்டா. இந்த வேலையில் லத்திபாவுக்குப் போட்டியே கிடையாது. ஆண் துப்பறிவாளர்கள் மாப்பிள்ளை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுவார்கள். இவள் அடுப்படி வரைக்கும் போய், மாமியார் கையால் காப்பியும் குடித்துவிட்டு வருவாள்.

2004 தை மாதத்தில் ஒரு காலை. படியேறி வந்த நல்லகண்ணு யூரியாவும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. கையிலிருந்த மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தார். ஒரு பாட்டிலும், கொத்தாகக் குட்டை முடியும் விழுந்தன.

லத்திபாவின் உதவியாளன் ஒச்சாண்டி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். "முடி வளர்ற தைலமாண்ணே? வேல செய்யல போலயே."

"வாய மூடு" என்றாள் லத்திபா. "நீங்க சொல்லுங்கண்ணே. யாரோட முடி?"

"என் வீட்டுக்காரி சங்கிலியம்மாளோடது. நேத்துச் சீவுறப்ப சீப்போட வந்துருச்சு."

நல்லகண்ணு கோம்பைக்குப் பக்கத்தில் திராட்சை போட்டிருக்கிறவர். போன வருஷம் மனைவிக்கு மார்பில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகு ஊசி தொடர்ந்து போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் ஊசியிலேயே தலைமுடி முழுக்கக் கொட்டியது. சங்கிலியம்மாள் அதோடு ஆஸ்பத்திரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

"செத்தாலும் மொட்டத் தலையோட சாக மாட்டேன்னுட்டா. அப்பத்தான் லோக்கல் கேபிள்ல இந்தக் கஷாயத்தக் காட்டுனாக. கம்பத்துல கோட்டைச்சாமி வைத்தியரு. முதல்ல சாதாரணம் குடுத்தாரு. நல்லாத்தான் இருந்தா. முடிகூட மொளச்சுச்சு. பெறகு ஸ்பெஷல்னு ஒண்ணு குடுத்தாரு. அதுலேர்ந்து வாந்தி, வயித்தால போறது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுதுங்கிறா. மொளச்ச முடியும் இந்தா கொட்டுது."

"வைத்தியர் என்ன சொல்றாரு?"

"உள்ள இருக்கிற கசடெல்லாம் வெளிய போகுதாம். ஆளே பாதியாக் கரைஞ்சுட்டா தங்கச்சி. ஆளையே கசடுங்கிறாரா அவரு?"

லத்திபா பாட்டிலின் லேபிளைப் படித்தாள். 'உயிரணு சஞ்சீவி ஸ்பெஷல். செல் பிரிவதை அடியோடு நிறுத்தும்! கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேரில் நிரூபிக்கப்பட்டது!' கீழே ஒரு வண்ணப் படம். இரண்டு கண்ணாடி டம்ளர்கள்மேல் இரண்டு வெங்காயங்கள். தண்ணீரில் இருந்த வெங்காயத்துக்கு வெள்ளைத் தாடி மாதிரி வேர். கஷாயத்தில் இருந்ததற்குச் சிறு சிறு குச்சிகள்.

"வெங்காயத்துக்குப் புத்துநோய் வந்தா யோசிக்காம வாங்கிக் குடுக்கலாம்க்கா" என்றான் ஒச்சாண்டி.

"நான் தாவரவியல் படிச்சவ, ஒச்சாண்டி. இது நாங்க காலேஜ்ல செஞ்சதுதான். ஒரு செல் ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்படிப் பிரிஞ்சு பிரிஞ்சுதான் வேர் நீளுது. புத்துநோய்க் கட்டியும் அப்படித்தான் வளருது. அதனால வேர நிறுத்துற மருந்து கட்டியவும் நிறுத்தும்னு இவுக சொல்றாக."

"எங்க வீட்டு அம்மிக்கல்லத் தூக்கி வச்சாலும் வெங்காயத்துக்கு வேர் வளராதுக்கா. அதையும் அரைச்சு விக்கலாமா?"

லத்திபா நிமிர்ந்து பார்த்தாள். "இந்த மாசத்துல நீ பேசுன உருப்படியான பேச்சு இதுதான்."

அவள் நல்லகண்ணுவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இன்னைக்கே மதினிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"வர மாட்டேங்கிறாளே. இடையில நிறுத்துனா நோய் ரெண்டு மடங்காத் திரும்பும்னு வைத்தியரு சொல்லி வச்சுருக்காரு. பாட்டில தலமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறா."

"அப்ப அவுகளுக்குத் தெரியாம பாட்டில்ல இருக்கிறத ஊத்திட்டு, கருப்பட்டித் தண்ணியில வேப்பங்கொழுந்த அரைச்சுக் கலந்து வச்சுருங்க. புதுப் பாட்டில் வந்தாலும் அதேதான். நெசக் கஷாயத்த என்கிட்டக் கொண்டாங்க."

நல்லகண்ணு தயங்கினார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை அவர் ஏமாற்றியதில்லை. ஏமாற்ற முயன்று மாட்டிக்கொண்டதுதான் உண்டு. முடியை மட்டும் பத்திரமாகப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

*

ஜன்னலோரத்தில் மூன்று டீக் கிளாஸ்கள். ஒன்றில் தண்ணீர். ஒன்றில் கடையில் வாங்கிய சாதாரண உயிரணு சஞ்சீவி. ஒன்றில் சங்கிலியம்மாளின் ஸ்பெஷல். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம் உட்கார்ந்திருந்தது. ஸ்பெஷல் கடையில் கிடைக்காது. வைத்தியர் தன் கையால் நோயாளி கையில் மட்டுமே கொடுப்பார்.

"மாப்ள விசாரணையில இருந்து வெங்காய விசாரணைக்கு வந்துட்டோம்" என்று தினமும் தண்ணீர் மாற்றும்போது ஒச்சாண்டி புலம்பினான். "இதுக முதல் சம்சாரத்த ஒளிச்சு வச்சுருக்குதான்னும் பாக்கணுமாக்கா?"

அந்த வாரக் கடைசியில் வெங்காயங்கள் பதில் சொல்லிவிட்டன. தண்ணீரில் வேர் நன்றாக இறங்கியிருந்தது. சாதாரணக் கஷாயத்தில் அதைவிட நீளமாக, அடர்த்தியாக இறங்கியிருந்தது.

"என்னக்கா இது? நிறுத்துற மருந்துன்னு வித்துட்டு வெங்காயத்துக்குச் சத்து டானிக் குடுத்துருக்காரு."

லத்திபா அதைப் பார்க்கவில்லை. மூன்றாவது கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். அங்கே வேர்கள் முளைத்த இடத்திலேயே நின்றிருந்தன. ஆனால் ஒவ்வொரு வேரின் நுனியும் உருண்டு வீங்கியிருந்தது.

"இது எப்படி இருக்கு, சொல்லு."

"தீக்குச்சி மாதிரி இருக்குக்கா. மருந்து வச்ச தலையோட."

அவள் பாட்டில் லேபிளை எடுத்து நீட்டினாள். படத்திலிருந்த கஷாய வெங்காயத்தின் குட்டை வேர்களுக்கும் அதே உருண்டைத் தலைகள்.

"உப்புத் தண்ணியில வச்சாலும் வேர் நிக்கும். காப்பியில வச்சாலும் நிக்கும். ஆனா இப்படித் தலை வீங்காது. செல் பிரியணும்னு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டுப் பிரிய முடியாம ஊதிப் போயிருக்கு. வேர் நுனிய இப்படி வீங்க வைக்கிற சரக்க எங்க காலேஜ்ல பேர் சொல்லிக் குடுத்தாக. கோல்சிசின். நம்ம பக்கம் அது எதுல இருக்கு தெரியுமா? செங்காந்தள்ல."

ஒச்சாண்டியின் சிரிப்பு நின்றது. "கண்வலிக் கிழங்கா? அதத் தின்னா ஆளு செத்துருமேக்கா!"

"அதோட விதையும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாப் போனா முதல்ல வாந்தி. பெறகு முடி கொட்டும், விரல் மரத்துப் போகும்." அவள் லேபிளை மேஜைமேல் தட்டினாள். "மருந்து வேல செய்யுதுங்கிறதுக்கு ஆதாரம்னு இந்தப் படத்தப் போட்டுருக்காக. விஷம் இருக்குங்கிறதுக்கும் இதே படம்தான் ஆதாரம். குத்தவாளியே போட்டோ புடிச்சு, கலர்ல அச்சடிச்சு, வீட்டுக்கு வீடு குடுத்திருக்கான்."

தொலைபேசி அடித்தது. நல்லகண்ணு. குரலில் சந்தோஷமும் பயமும் கலந்திருந்தன.

"தங்கச்சி, வாந்தி நின்னுருச்சு. நேத்து ரெண்டு தோசை சாப்பிட்டா."

"நல்லதுதானேண்ணே."

"எங்கிட்டு நல்லது? கஷாயம் புடிச்சுக்கிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. தெருக்காரக எல்லாரும் ஸ்பெஷலுக்குச் சொல்லி வச்சுருக்காக. வர்ற ஞாயித்துக்கெழம கம்பத்துல விழாவாம். இவள மேடையில ஏத்திப் பேச வைக்கப் போறாராம் வைத்தியரு!"

லத்திபா ரிசீவரை வைத்தாள். விஷத்தை நிறுத்தியதால் பிழைத்த ஒரு பெண், அந்த விஷத்துக்கே விளம்பரமாகிவிட்டாள்.

*

லேபிளில் பெயர் போட்டிருந்த கல்லூரி சின்னமனூர் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. வாசலிலேயே ஒரு பலகை: 'மூலிகைப் பூங்கா. உபயம்: சித்தரத்னா கோட்டைச்சாமி'.

உள்ளே பெயர்ப் பலகைகள் எல்லாம் நல்ல செழிப்பாக இருந்தன. செடிகளைத்தான் காணவில்லை. துளசி இருந்த இடத்தில் ஒரு குச்சி. ஆடாதொடைக்கு அதுவும் இல்லை. கற்றாழை பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது.

"கத்தாழையையே சாகடிச்சுருக்காகளேக்கா. இதுக்குத் தனித் திறம வேணும்."

மூலையில் ஓர் இடத்தில் மட்டும் கம்பி வலை கட்டியிருந்தது. ஈர மண். வலையைப் பிடித்து ஏறியிருந்த பச்சைக் கொடிக்கு இலை நுனியெல்லாம் சுருள் சுருளாக இருந்தது. பூ முடிந்து காய்க்கிற பருவம். ஆனால் கொடியில் ஒரு காய்கூட இல்லை. எல்லாக் காம்பும் நகத்தால் கிள்ளியது போல மொட்டையாக நின்றன. பெயர்ப் பலகை இல்லாத ஒரே செடி. உயிரோடிருந்த ஒரே செடியும் அதுதான்.

"செங்காந்தள்" என்றாள் லத்திபா, உதடு அசையாமல்.

தாவரவியல் துறைத் தலைவர் ராஜமணியின் அறையில் ஷீல்டுகள் நாற்காலிகளைவிட அதிகமாக இருந்தன. லத்திபா தங்களைக் குமுளியில் கஷாயத்துக்கு ஏஜென்சி எடுக்கப் போகிறவர்கள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"எல்லை தாண்டுனா கேள்வி மேல கேள்வி கேப்பாக சார். அதான் உங்க வாயாலயே கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தோம்."

"ஞான் குமுளி" என்றான் ஒச்சாண்டி, தனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதையும் செலவழித்து.

ராஜமணி நாற்காலியில் சாய்ந்தார். "வேர் நுனிய எடுத்து, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். ஆயிரக்கணக்கான செல். ஒண்ணுகூட முழுசாப் பிரியல. ரிசல்ட் ஜீரோ! ஜீரோன்னா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியும் சார். பத்தாவதுல கணக்குல எடுத்திருக்கேன்" என்றான் ஒச்சாண்டி.

லத்திபா குறுக்கிட்டாள். "கஷாயத்த யாரு குடுத்தா சார்?"

"கோட்டைச்சாமிதான். நான் வெறும் சாட்சி. வெங்காயம் பேசும், நான் எழுதுவேன். இந்தக் கட்டுரைய வெளிநாட்டு மாநாட்டுல வாசிக்கப் போறேன். டிக்கெட்கூட வந்தாச்சு."

"முதல் தடவையே நின்னுருச்சா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கு எதுவும் இல்லை. "சயின்ஸ்ல முதல் தடவை, ரெண்டாவது தடவைன்னெல்லாம் கிடையாதும்மா. சரியா வந்த தடவைதான் கணக்கு."

"பூங்காவுக்கு வைத்தியர் வருவாரா சார்?"

"அவரு குடுத்த பூங்கா. அவர்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. எப்ப வேணும்னாலும் வருவாரு, போவாரு."

திரும்பும் வழியில் டிவிஎஸ் ஐம்பதின் பின்சீட்டில் உட்கார்ந்தபடி லத்திபா வழக்கை முடித்தாள். "பூங்கா வைத்தியரோடது. சாவியும் இருக்கு. விதையப் பறிச்சு அரைச்சுக் கலக்குறாரு. வேர் நின்னா வியாபாரம் ஓடும்."

"அப்ப போலீஸ்ல சொல்லிரலாமா?"

"என்னன்னு சொல்றது? வெங்காயம் புகார் குடுத்துச்சுன்னா? அவரே தன்னைக் காட்டிக்குடுக்கணும். ஞாயித்துக்கெழம மதினி கையில இருக்கப்போற பாட்டில்ல நல்லகண்ணு அண்ணன் ஊத்துன கருப்பட்டித் தண்ணிதான் இருக்கும். அது வைத்தியருக்குத் தெரியாது. அதக் குடிச்சுக் காட்டச் சொல்லுவோம். விஷம்னு தெரிஞ்சவன் வாயில வைக்க மாட்டான். கை நடுங்கும். கேமரா ஓடிக்கிட்டு இருக்கும்."

*

கம்பத்துக் கல்யாண மண்டபத்தில் மணமக்கள் உட்காருகிற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வெங்காயப் படம் வைத்து, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். லோக்கல் கேபிள் கேமரா நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. பட்டு ஜிப்பாவில் கோட்டைச்சாமி மைக்கைப் பிடித்தார்.

"மத்தவனெல்லாம் வெங்காயத்த வெட்டித் தின்னான். நாமதான் அதுகிட்ட ஒரு கேள்வி கேட்டோம்!"

கைதட்டல். மேடையில் தலைமை விருந்தினராக ராஜமணி அடக்கமாகத் தலையாட்டினார்.

சங்கிலியம்மாளைக் கூப்பிட்டார்கள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, நெஞ்சோடு பாட்டிலை அணைத்தபடி அவள் ஏறினாள். "நான் செத்துப் பொழச்சவ. வைத்தியரு சாமி மாதிரி. எல்லாரும் வாங்கிக் குடிங்க" என்றாள். பேசும்போதே அழுதாள். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் சிலரும் அழுதார்கள். அந்தக் கண்ணீரில் பொய்யே இல்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒச்சாண்டி எழுந்தான். "வைத்தியரய்யா! அந்த ஆத்தா கையில இருக்கிறத நீங்க ஒரு மொடக்குக் குடிச்சுக் காட்டுங்க. நாங்க வரிசையில நின்னு வாங்குறோம்!"

"ஆமா, குடிங்க, குடிங்க" என்றது கூட்டம்.

லத்திபா வைத்தியரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார். சங்கிலியம்மாளிடமிருந்து பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகினார். விரல் நடுங்கவில்லை. கேமராவுக்கு முகத்தைக் காட்டி, அண்ணாந்து, பாட்டிலை வாய்க்கு மேலே கவிழ்க்கப் போனார்.

லத்திபா மடியிலிருந்த கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இவருக்குத் தெரியாது. ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டேன்!

"குடிக்காதய்யா!"

தலைமை விருந்தினர் நாற்காலியோடு பாய்ந்தார். அவர் கை பட்டுப் பாட்டில் பறந்து, மாலை போட்ட வெங்காயத்தின்மேல் மோதி உடைந்தது.

மண்டபம் அப்படியே உறைந்தது. கேமராக்காரன் மட்டும் தன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான ஆளை நெருக்கமாகக் காட்டினான்.

"என்னய்யா ப்ரொபசரு" என்றார் கோட்டைச்சாமி, நனைந்த ஜிப்பாவைப் பார்த்தபடி. "நம்ம மருந்த நாமளே தட்டிவிட்டா எப்படி? கேமரா ஓடுதுய்யா!"

"அது... தேதி முடிஞ்ச பாட்டில்."

"நேத்துத்தான என் கையால குடுத்தேன்?"

"ஒரே மூச்சுல அவ்வளவு குடிக்கக் கூடாது. அது உடம்புக்கு..."

ராஜமணி நிறுத்திக்கொண்டார். தாமதமாகத்தான் நிறுத்தினார். சங்கிலியம்மாள் அவரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"உடம்புக்கு என்ன சார்?"

அவர் மேடைப் படியின் பக்கம் நகர்ந்தார்.

"நான் குடிக்கலாம். அவரு குடிக்கக் கூடாதா?"

லத்திபா கூடையோடு மேடையேறி மூன்று வெங்காயக் கிளாஸ்களையும் மைக் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"வைத்தியரே, உங்க சாதாரணக் கஷாயத்துல என்ன சரக்கு?"

"சுக்கு, அதிமதுரம், ஆவாரம்பூ, இளநீ. எங்க ஆத்தா மேல சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"ஸ்பெஷல்ல?"

"அதே சரக்குதான். அதோட ப்ரொபசர் குடுக்குற பொடி ஒரு கரண்டி. வினையூக்கின்னாரு. லேப்ல அத வச்சுத்தான் ஜெயிச்சோம்னாரு."

"நீங்க அதக் குடிச்சதே இல்லையா?"

"தினமும் சாதாரணத்தத்தான் குடிப்பேன்மா. ஸ்பெஷல நானே குடிச்சா கட்டுபடியாகுமா?"

லத்திபா தீக்குச்சித் தலை வேர்களைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள். செங்காந்தள் என்று அவள் சொன்னதும் முன்வரிசைப் பெண்கள் கையிலிருந்த பாட்டில்களைத் தரையில் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தார்கள். அந்த வட்டாரத்தில் அந்தக் கிழங்கைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"சார்" என்று ராஜமணியிடம் திரும்பினாள். "வைத்தியர் குடுத்த கஷாயத்துல வேர் நிக்கல. தண்ணியவிட ஜோரா வளந்துச்சு. இல்லையா?"

பேராசிரியர் நாற்காலியைத் தேடினார். அது கவிழ்ந்து கிடந்தது. நின்றபடியே பேசினார். "சோதனைக்கு முன்னாடியே முடிவ மாநாட்டுக்கு அனுப்பிட்டேன். ஏத்துக்கிட்டாங்க. சோதனை மட்டும்தான் பாக்கி இருந்துச்சு. வேர் நின்னுருக்கணும்மா. நிக்கல. நான் என்ன எழுதுறது? செல் பிரிவத இந்தக் கஷாயம் வேகப்படுத்தும்னா?"

"எழுதியிருந்தா வெங்காய வியாபாரிக வாங்கியிருப்பாக சார்" என்றான் ஒச்சாண்டி கீழேயிருந்து.

"அந்த விதைப் பொடிய ஒரு சிட்டிகைதான் போட்டேன். வெங்காயத்துக்கு மட்டும்னு நினைச்சுத்தான் போட்டேன். ஜெயிச்ச சரக்கே வேணும்னு இவரு வந்து நின்னாரு. இல்லைன்னு சொன்னா எல்லாம் வெளிய வந்துரும். அதான், கொஞ்சமா..."

"அந்தக் கொஞ்சத்துல இவுக கரைஞ்சு போயிருப்பாக" என்றாள் லத்திபா.

வைத்தியர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த அதிர்ச்சி உண்மையானது. அதற்காக அவரை மன்னிக்க லத்திபாவுக்குத் தோன்றவில்லை. வாந்தியைப் பார்த்துவிட்டுக் கசடு என்று சொன்ன வாய் அவருடையதுதான்.

சங்கிலியம்மாள் உடைந்த பாட்டிலையும் கீழே நின்ற புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எனக்கு எப்படிச் சரியாச்சு?"

நல்லகண்ணு மேடையை நெருங்கி வந்தார். "அதுல கஷாயமே இல்ல புள்ள. நான்தான் கொட்டிட்டு மாத்தி ஊத்துனேன். கருப்பட்டித் தண்ணி. வேப்பங்கொழுந்து போட்டது."

அவள் கணவனை முறைத்தாள்.

"அதான் அம்புட்டு ருசியா இருந்துச்சா" என்றாள்.

*

அடுத்து நடந்ததுதான் லத்திபாவைக் களைப்படைய வைத்தது.

"மருந்துன்னு வித்தாகளா, விஷம்னு வித்தாகளா?" என்று போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மருந்துன்னு."

"குடிச்சவுக யாரும் செத்தாகளா?"

"இல்ல சார்."

"வெங்காயம்?"

"அது செத்துருச்சு சார்" என்றான் ஒச்சாண்டி. அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஆனால் நேரடி ஒளிபரப்பைக் கம்பம் முழுக்கப் பார்த்திருந்தது. மேலதிகாரி வீட்டிலும் பார்த்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வைத்தியரையும் பேராசிரியரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்பெஷல் வாங்கியவர்களின் வீடு வீடாக ஒச்சாண்டி டிவிஎஸ் ஐம்பதில் அலைந்து பாட்டில்களைச் சேகரித்தான். நாய்க்கடி ஒன்று கிடைத்தது. திரும்பி வந்தபோது அவனிடம் நக்கல் குறைந்திருந்தது. "ரெண்டு பேரு குடுக்க மாட்டேன்னுட்டாகக்கா. லேப்ல நிரூபிச்ச மருந்துன்னாக. அவுக கண்ணு முன்னாலயே புடுங்கிக் கொட்டிட்டு வந்துட்டேன். அதுல ஒருத்தர் என் கால்ல விழுந்து அழுதாரு. அந்தாளுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல."

அந்த இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மறுநாள் லத்திபாவே போனாள்.

ஜாமீனில் வந்த கோட்டைச்சாமி சும்மா இருக்கவில்லை. ஒரே மாதத்தில் சுவரெங்கும் புதுச் சுவரொட்டி ஒட்டினார்: 'அசல் உயிரணு சஞ்சீவி. எதையும் நிறுத்தாது! துப்பறியும் நிபுணரே வெங்காயத்தில் சோதித்தது!' பக்கத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்த லத்திபாவின் படம். அவள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். விற்பனை கூடியது.

சங்கிலியம்மாள் தேனி ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து தேறினாள். என்ன விஷம் என்று தெரிந்திருந்ததால் எதைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கும் தெரிந்திருந்தது. விட்டுப்போன ஊசியைத் தொடர அவள் மதுரைக்குக் கிளம்பிய அன்று லத்திபா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நல்லகண்ணு சீட்டுப் பிடிக்க உள்ளே ஏறியிருந்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சங்கிலியம்மாள். "மதுரையில போடுற ஊசியும் இந்தச் செல்லு பிரியறத நிறுத்துறதுதானாம். நர்ஸு சொன்னா. அதுலயும் வாந்தி வருது, இதுலயும் வாந்தி வந்துச்சு. அப்ப ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?"

இத்தனை நாளில் லத்திபாவிடம் யாரும் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

"சரக்குல பெரிய வித்தியாசம் இல்ல மதினி. அதுவும் ஒருவகையில விஷம்தான். ஆனா அங்க ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் எம்புட்டுப் போடணும்னு முடிவு பண்ணுவாக. ஒத்துக்கலைன்னா நிறுத்திருவாக. உங்களுக்கு மோசமானா, நாம எங்கயோ தப்புப் பண்ணிட்டோமோன்னு பயப்படுவாக. இவுக, உங்களுக்கு மோசமாகுறதையே குணமாகுதுன்னு சொன்னாக."

பஸ் கிளம்புவதற்கு ஹாரன் அடித்தது. சங்கிலியம்மாள் யோசித்துக்கொண்டே படியில் கால் வைத்தாள். ஏறியவள் கம்பியைப் பிடித்துத் திரும்பினாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் நம்பாம ரத்தம் எடுத்துப் பாப்பாகளோ?"

"கண்டிப்பாப் பாப்பாக மதினி."

"அப்பச் சரி" என்றாள் சங்கிலியம்மாள். "நான் சொல்றத அப்படியே நம்பாத ஆளுதான் எனக்கு வேணும்."